விளிக்கப்பட்டவர்

அறிவுக்கொடிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். சமயப் பதிவகத்திலிருந்து வந்த ஒரு பக்கக் கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் நான்கு முறை துடைத்தாயிற்று.

வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மேலப்பட்டறை புத்த விகாரையில் விளிமானிச் சோதனை. உறுப்பினர் பதிவேட்டிலிருந்து பதிவகமே இருபது பேரைப் பொறுக்கி எடுக்கும். அவர்களில் பத்துப் பேருக்காவது கருவியின் முள் கோட்டைத் தாண்டி ஏற வேண்டும். ஏறாவிட்டால் அது வழிபாட்டுத் தலம் ஆகாது. வழிபாட்டுத் தலத்துக்கென்று கொடுத்த நிலம் முப்பது நாளில் அரசுக்குத் திரும்பிவிடும், கட்டடத்துக்குச் சீல் வைப்பார்கள்.

சட்டத்தை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. சாலையோரம் ராத்திரியோடு ராத்திரியாக எதையாவது நட்டுவைத்து, மறுவருஷம் அதன் பின்னால் வரிசையாகக் கடை கட்டியவர்கள் எல்லா மதத்திலும் இருந்தார்கள். உண்மையில் கும்பிடுகிற இடம் எது, நிலத்துக்காக முளைத்த இடம் எது என்று பிரித்துச் சொல்ல ஒரு கருவி வந்திருக்கிறது என்றதும் ஊரே கை தட்டியது. அறிவுக்கொடியும்தான் தட்டினாள். அதை நினைத்தால் இப்போது அவளுக்குத் தன் கையின் மேலேயே எரிச்சல் வந்தது.

விகாரை என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பாலாற்றுக்கு இந்தப் பக்கம், தோல் தொழிற்சாலைகள் மூடிப்போய் அதன் சாயம் மட்டும் கிணற்றில் தங்கிவிட்ட ஊர் மேலப்பட்டறை. அங்கே ஒரு சிமெண்ட் ஷீட் கட்டடம். முன்கூடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு புத்தர் சிலை, பின்கூடத்தில் நான்கு டயாலிசிஸ் மெஷின்கள். சிறுநீரகம் கெட்டவர்கள் ஊரில் இருபத்திரண்டு பேர். ஆளுக்கு வாரம் மூன்று தடவை அங்கேதான் ரத்தம் சுத்தமாகிறது. சீல் வைத்தால் அவர்கள் இரண்டு பஸ் மாறி ஆற்றைத் தாண்டிப் போக வேண்டும். போகிற தெம்பு பாதிப் பேருக்குக் கிடையாது.

அந்த மெஷின்களை அலையாய் அலைந்து கொண்டுவந்து நிறுத்தியவள் அறிவுக்கொடி. டயாலிசிஸ் டெக்னீஷியனாக இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். விகாரையின் செயலாளர். பரம்பரை நாத்திகர். அவளுடைய அப்பா மகளுக்குப் பால் ஊட்டும்போதே "கடவுள் இல்லை" என்று சொல்லி ஊட்டினார் என்று உறவில் கேலி பேசுவார்கள்.

அவள் கணவன் குணசீலன் எலக்ட்ரீஷியன். நான்கு தலைமுறையாக விகாரைக்காரக் குடும்பம். "நீ நம்பணும்னு நான் கேக்க மாட்டேன், நான் விடணும்னு நீ கேக்காதே" என்று பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டான். முப்பது வருஷம் அந்தப் பேச்சு மாறவில்லை. கடைசியில் அவனுக்கே சிறுநீரகம் போனது. எட்டு வருஷத்துக்கு முன் ஆற்றில் வெள்ளம் வந்து பாலத்தை ஐந்து நாள் மூடினார்கள். அறிவுக்கொடியின் கையில் தொழில் இருந்தது. மெஷின் அப்போது அந்தக் கரையில் இருந்தது. ஐந்தாம் நாள் மத்தியானம் குணசீலன் போய்விட்டான்.

வியாழக்கிழமை சொன்ன நேரத்துக்குப் பதிவக அதிகாரி வந்துவிட்டாள். பிலோமினா என்று பேர், முப்பத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி. தலையில் மாட்டுகிற பட்டையையும் டிபன் பாக்ஸ் அளவுக் கருவியையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இது எப்படிம்மா பக்தியைக் கண்டுபிடிக்குது?" என்று கேட்டாள் அறிவுக்கொடி.

"பக்தியை இல்லம்மா, விளியை. நாம யாரையாவது கூப்பிடறப்போ மூளையில ஒரு இடம் முழிச்சுக்கும். எதிர்ல ஆள் இருந்தாலும் சரி, கண்ணுக்குத் தெரியாத ஆளா இருந்தாலும் சரி. சும்மா உதட்டால கூப்பிட்டா முழிக்காது. மனசு கூப்பிடணும். ஆளுக்கு மூணு நிமிஷம். இந்த இடத்துல உக்காந்து, அவங்கவங்க வார்த்தையில."

இருபது பேரும் ஒவ்வொருவராக உட்கார்ந்து, பட்டையை மாட்டிக்கொண்டு, 'புத்தம் சரணம் கச்சாமி' என்று மும்முறை சரணம் சொன்னார்கள். முள் அசையவில்லை. வீட்டில் மாரியம்மனை நாளுக்கு நாலு தடவை வேண்டுகிற அஞ்சலைக்குக்கூட முள் படுத்தேவிட்டது. "அவகிட்ட கேப்பேன். இங்க வந்தா கேக்கறதுக்கு இல்லப்பா, சும்மா இருக்கறதுக்கு" என்று அவள் பட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். விகாரையின் பிக்கு தம்மசீல பந்தேவுக்கு முள் படுத்தது மட்டுமல்ல, கோட்டுக்குக் கீழேயே போய்விட்டது.

பிலோமினா கருவியைத் தட்டிப் பார்த்தாள். "கோயில், சர்ச், தர்கா எல்லா இடத்துலயும் பாத்திருக்கேன். இருபதுக்கு இருபதும் இப்படிக் கெடந்ததே இல்ல சாமி."

"சாமி இல்லம்மா, பந்தேன்னு கூப்பிடுங்க. சாமின்னா எனக்கே முள் ஏறிடப்போவுது" என்று பந்தே சிரித்தார். அவர் துறவியாவதற்கு முன் கொத்தனார். கை இன்னும் காய்த்துத்தான் இருந்தது. "எங்க சரணத்துல விளி எங்கம்மா இருக்குது? 'கச்சாமி', 'போறேன்'னுதான் சொல்றோம். 'வா'ன்னு யாரையும் சொல்லலியே."

"அப்போ சரணம்னா யாரு காப்பாத்துவாங்க?"

"நடக்கறவன் கால்தான்."

பிலோமினாவுக்கு அந்தப் பதிலை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தெரியவில்லை. படிவத்தில் கடைசிக் கட்டம் 'விளிக்கப்பட்டவர்' என்றிருந்தது. முள் ஏறியவர்கள் தாங்கள் கூப்பிட்ட தெய்வத்தின் பெயரை அதில் தங்கள் கைப்பட எழுத வேண்டும். இருபது கட்டமும் காலி. பதினைந்தாம் நாள், இதேபோல் ஒரு வியாழக்கிழமை, மேல்முறையீடு உண்டு, அப்போது இருபது பேர் வரை விகாரையே தேர்ந்தெடுத்து உட்கார வைக்கலாம் என்று அவள் சொன்னாள்.

அவள் டீ குடிக்க வெளியே போனதும் பொருளாளர் வேந்தன் மெதுவாக வாயைத் திறந்தான். "அக்கா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. பட்டையை மாட்டிக்கினு ஆளாளுக்குச் செத்துப்போன அம்மாவை நெனச்சுக்கலாம். மனசாரக் கூப்பிட்டா ஏறிடும். கட்டத்துல புத்தர்னு எழுதிட்டாப் போச்சு. இருபத்திரண்டு உசுரு அக்கா."

எல்லோரும் பந்தேவைப் பார்த்தார்கள்.

"அம்மாவை நெனைக்கறது உங்க இஷ்டம். புத்தர்னு எழுதறது பொய். எழுதச் சொல்லவும் மாட்டேன், எழுதினவங்களை வெரட்டவும் மாட்டேன். உங்க சீலம், உங்க கையில" என்றார் அவர்.

"உசுரு போனாலுமா பந்தே?" என்றான் வேந்தன்.

"உசுரைக் காப்பாத்த வேற வழி இல்லையான்னு மொதல்ல தேடுங்கப்பா. பதினஞ்சு நாள் இருக்குது."

அறிவுக்கொடி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அதை மேஜைமேல் வைத்தாள். பிலோமினா திரும்பி வருவது தெரிந்தும், பட்டையை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். இந்த டப்பாவுக்கு ஒரு நாத்திகரையாவது சரியாகத் தெரிகிறதா பார்ப்போம் என்று ஒரு வீம்பு.

"கடவுளே, நீ இல்லை" என்றாள். "இல்லவே இல்லை. இருந்தா உன்னை நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்."

முள் துள்ளிப்போய் மறுகோடியில் முட்டிக்கொண்டு நின்றது. வேந்தன் வாயைப் பொத்திக்கொண்டான். அறிவுக்கொடிக்கு நடு ரோட்டில் புடவை தடுக்கி விழுந்தது மாதிரி இருந்தது.

பிலோமினா மட்டும் ஆச்சரியப்படவில்லை. பக்கத்தில் வந்து பட்டையை மெதுவாகக் கழற்றினாள். "வெளிய சொல்லாதீங்கம்மா. பதிவகத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். சில நாத்திகருங்களுக்குத்தான் இருக்கறதுலயே உசரமா ஏறும். சண்டை போடறதுக்கும் எதிர்ல ஆள் வேணுமில்ல?"

"நான் யாரோடவும் சண்டை போடல."

"முள்ளு போட்டுதும்மா" என்றாள் பிலோமினா.

அன்று முழுக்க அறிவுக்கொடி வேலையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நோயாளிகளுக்கு ஊசி குத்தினாள், ட்யூப் மாட்டினாள், எடுத்தாள். சாயங்காலம் கடைசி ஆளை ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போதுதான் பொறி தட்டியது. அவமானத்தை மூட்டை கட்டி ஓரமாக வைத்துவிட்டு உறுப்பினர் பதிவேட்டைப் பிரித்தாள்.

விகாரையின் உறுப்பினர் படிவத்தில் 'நம்பிக்கை' என்றொரு கட்டமே கிடையாது. குணசீலனின் தாத்தா காலத்தில் அச்சடித்தது. பேர், முகவரி, 'என்ன வேலை செய்வீர்கள்' என்ற கேள்வி, அவ்வளவுதான். அந்தப் பதிவேட்டில் பகுத்தறிவுப் படிப்பகத்துத் தோழர்கள் ஒன்பது பேர் எட்டு வருஷமாக இருந்தார்கள். ஒருவர் ஆட்டோ ஓட்டி நோயாளிகளை அழைத்து வருகிறவர், ஒருவர் தண்ணீர் சுத்திகரிப்பைப் பார்த்துக்கொள்கிறவர், மற்றவர்கள் கூப்பிட்ட நேரத்துக்கு ரத்தம் கொடுக்கிறவர்கள். ஒருவர்கூடச் சிலையின் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

படிப்பகத்தின் தலைவர் கதிரொளி, எழுபது தாண்டியவர், தபால் நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அறிவுக்கொடி சொன்னதைக் கேட்டுவிட்டுச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார், மறுபடியும் உள்ளே வைத்தார்.

"புரியும்படி சொல்லும்மா. நாங்க போய் உக்காந்து 'கடவுள் இல்லை'ன்னு சொல்லணும். அந்த மெஷின் எங்களை ஆத்திகன்னு எழுதும். அப்படித்தானே?"

"ஆமாண்ணே. நாம பொய் சொல்லல. பொய் சொல்றது மெஷின்."

"எழுதினதை அடையாள அட்டையில வேற அச்சடிப்பான்."

"அடிப்பான்."

"படிப்பகத்தோட விதி தெரியுமா உனக்கு? ஆத்திகர் எவரும் பொறுப்பில் இருக்கக் கூடாது. நாப்பது வருஷத்துக்கு முன்னாடி நான்தான் எழுதினேன்." அவர் ஜன்னலைப் பார்த்தார். "எங்க அக்கா மகன் கல்யாணத்துக்கே போகாதவன் நான், ஐயர் வெச்சான்னு. சாகற காலத்துல இந்தப் பேர் எனக்குத் தேவையா?"

அறிவுக்கொடிக்கு வலித்தது. அவர் கேட்டதில் ஒரு வார்த்தைகூடத் தப்பு இல்லை. "ஒரு தடவை வந்து பந்தேகிட்ட பேசிட்டு முடிவு பண்ணுங்கண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது பேரும் விகாரைக்கு வந்தார்கள். பந்தே வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு, தானே டீ ஊற்றிக் கொடுத்தார். கதிரொளி சுற்றி வளைக்கவில்லை.

"பிக்கு ஐயா, நேராவே கேக்கறேன். கடவுள் இல்லைங்கறீங்க. அப்புறம் அந்தச் சிலை முன்னாடி ஏன் குனியறீங்க?"

"நான் கொத்தனார்ங்க. செவுரு எழுப்பறப்போ ரசமட்டத்தைக் குனிஞ்சு பாக்காம எழுப்ப முடியாது. குனியறதால ரசமட்டம் எனக்கு வரம் குடுக்குதுன்னு அர்த்தமில்ல. செவுரு கோணலாப் போவாது."

"ரசமட்டத்துக்கு யாரும் பூ வெக்கறதில்லையே."

"ஆயுத பூஜைக்கு வெப்பாங்க ஐயா" என்றார் பந்தே. தோழர்களே சிரித்துவிட்டார்கள். "தப்பா நெனைக்காதீங்க. எங்க ஆளுங்கள்லயும் புத்தர்கிட்ட வேண்டிக்கறவங்க உண்டு. எங்கம்மா கடைசிவரைக்கும் பையனுக்கு வேலை குடு, மழை குடுன்னு கேட்டுக்கினுதான் இருந்தாங்க. நான் தடுக்கல."

"மறுபிறவி? அது மூடநம்பிக்கை இல்லையா?"

"எனக்குத் தெரியாதுங்க. பாத்தவன் மாதிரி பேசினா அது பொய். இல்லவே இல்லன்னு அடிச்சுச் சொல்லவும் நான் பாக்கல. தெரியாதது நெறைய இருக்குது. உள்ள நாலு மெஷின் ஓடுது, அது தெரியும். அது நிக்கக்கூடாது, அதுவும் தெரியும்."

கதிரொளி டீயைக் குடித்து முடித்தார். பின்கூடத்துக்குப் போய்ச் சிறிது நேரம் நின்றார். நான்கு கட்டிலிலும் ஆள் இருந்தார்கள். அதில் ஒரு பெண்ணுக்கு அவர் ரத்தம் மூன்று தடவை ஏறியிருக்கிறது. வெளியே வந்து பேனாவை எடுத்தார். பெஞ்சில் உட்கார்ந்தபடியே படிப்பகத் தலைவர் பதவியிலிருந்து விலகுவதாக நான்கு வரி எழுதி, பக்கத்திலிருந்த தோழரிடம் கொடுத்தார். "விதி விதிதான். நான் எழுதினதை நானே மீறக் கூடாது. வியாழக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?"

எல்லோரும் போன பிறகு பந்தே அறிவுக்கொடியைக் கூப்பிட்டார். "ஒன்பது பேர் அவங்க. பத்தாவது நீங்க. உங்களுக்குத்தான் முள் நல்லா ஏறுதே." டீ டம்ளரைக் கீழே வைத்தார். "யாரோடம்மா சண்டை?"

எட்டு வருஷத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. அவள் கண்ணாடியைக் கழற்றினாள், ஆனால் துடைக்கவில்லை. பாலம் மூடிய ஐந்து நாளையும் சொன்னாள். மூன்றாம் நாள் அவனுக்கு மூச்சு இரைத்ததை, நான்காம் நாள் அவன் "விகாரை வயரிங்கை மட்டும் எலி கடிக்காமப் பாத்துக்கோ" என்றதை, ஐந்தாம் நாள் அவள் ஆற்றங்கரையில் நின்று இல்லாத ஒருவரைப் பார்த்து வாய்க்கு வந்தபடி ஏசியதை. சொல்லி அழுதாள். பந்தே எழுந்து போகவில்லை. அழுது முடித்ததும் இன்னொரு டம்ளர் டீ ஊற்றினார்.

மேல்முறையீட்டு வியாழக்கிழமை பிலோமினா வந்தாள். பதிவேட்டின்படி உறுப்பினர்கள்தானா என்று பத்துப் பெயர்களையும் சரி பார்த்தாள்; சரியாக இருந்தது. மேலே அவள் ஒன்றும் கேட்கவில்லை. பட்டையை எடுத்துக் கொடுக்கும்போது மட்டும் அறிவுக்கொடியின் காதருகே சொன்னாள்: "வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் மாட்டிப் பார்த்தேம்மா. தினமும் ஜெபமாலை சொல்றவ நான். எனக்கு ஏறல. இன்னும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

கதிரொளி முதலில் உட்கார்ந்தார். "கடவுளே, நீ இல்லை" என்று மேடையில் பேசுகிற குரலில் ஆரம்பித்தார். முள் ஏறியது. அவர் அதைப் பார்த்துக் கசப்பாகச் சிரித்தார். கட்டத்தில் 'கடவுள்' என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு 'இல்லாதவர்' என்று சேர்த்தார். எழுத்து தபால்காரர் எழுத்து, முத்து முத்தாக இருந்தது. மற்ற எட்டுப் பேரும் அவரைப் பார்த்து அப்படியே எழுதினார்கள். ஒன்பது.

பத்தாவதாக அறிவுக்கொடி உட்கார்ந்தாள். "கடவுளே, நீ இல்லை" என்றாள்.

முள் அசையவில்லை.

இன்னொரு தடவை சொன்னாள். சத்தமாகவும் சொல்லிப் பார்த்தாள். அது வெறும் தகவலாக வெளியே வந்தது. இந்தத் தெருவில் தபால் பெட்டி இல்லை என்பது போல. உள்ளே துழாவிப் பார்த்தாள். அந்தக் கோபம் இல்லை. எட்டு வருஷமாகச் சோறு போட்டு வளர்த்தது, இன்றைக்குப் பார்த்துக் காணாமல் போயிருந்தது. ஒன்றரை நிமிஷம் ஓடிவிட்டது. வாசலில் வேந்தன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். பின்கூடத்தில் மெஷின்களின் சத்தம் கேட்டது.

கோபத்தை நடிக்கலாம். ஆனால் உதட்டால் கூப்பிட்டால் ஏறாது. நடித்து ஏறினாலும் அதை எழுத அவளுக்குக் கை வராது. அவள் கண்களை மூடவில்லை. சுவரில் இருந்த பழைய ஸ்விட்ச் போர்டைப் பார்த்தாள். ஒரு ஸ்விட்ச் கொஞ்சம் கோணலாக இருக்கும். குணசீலன் என்றைக்கோ அவசரத்தில் மாட்டியது.

"குணா" என்றாள். "நீ இல்ல, எனக்குத் தெரியும். கேக்க மாட்டே, அதுவும் தெரியும். ஆனாலும் சொல்றேன். பாலம் இப்போ தேவையே இல்லப்பா. மெஷின் இந்தக் கரையிலயே ஓடுது. எலி ஒண்ணும் கடிக்கல."

முள் எழுந்தது. துள்ளவில்லை, மெதுவாக ஏறி, கோட்டைத் தாண்டி, அங்கேயே நின்றது.

பிலோமினா படிவத்தை நீட்டினாள். அறிவுக்கொடி 'விளிக்கப்பட்டவர்' என்ற கட்டத்தில் உள்ளபடி எழுதினாள்: குணசீலன். கட்டம் சின்னது, 'என் கணவர்' என்பதற்கு இடம் இல்லை. பிலோமினா அதைப் படித்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள். "கட்டம் நிரம்பியிருக்கணும்னுதான் விதி" என்று சொல்லி முத்திரை வைத்தாள்.

இரண்டு மாதம் கழித்துப் பதிவுச் சான்றிதழ் வந்தது. கெட்டிக் காகிதம், ஓரத்தில் பொன்னிறக் கோடு. மேலப்பட்டறை புத்த விகாரை அங்கீகரிக்கப்பட்ட வழிபாட்டுத் தலம் என்று முதல் வரியில் இருந்தது. இரண்டாம் வரி: 'மூலவர்: அருள்மிகு குணசீலன்.'

அறிவுக்கொடி பிலோமினாவுக்குப் போன் போட்டாள்.

"ஐயோ, நானும் பாத்தேம்மா" என்றாள் பிலோமினா. "இல்லாதவர்னு எழுதினதால கம்ப்யூட்டர் அந்த ஒன்பதையும் காலிக் கட்டம்னு எடுத்துக்கிச்சு. பத்துல ஒரே ஒண்ணுதான் பேரா இருந்துச்சு. திருத்தம் கேக்கலாம். கேட்டா சோதனையை முதல்லேர்ந்து வெக்கணும்பாங்க. என்ன பண்ணட்டும்?"

அறிவுக்கொடி பின்கூடத்தைப் பார்த்தாள். நான்கு கட்டிலிலும் ஆள் இருந்தார்கள். "இருக்கட்டும்மா, விடு" என்றாள். போனை வைத்த பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. தான் செத்தபின் தன் படத்துக்கு மாலை போட்டால் வயரைப் பிடுங்கிவிடுவேன் என்று மிரட்டிய மனுஷன்.

சான்றிதழை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும் என்பது சட்டம். ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் வேந்தன் மாட்டினான். மறுநாள் காலையில் யாரோ அதன்மேல் ஒரு செம்பருத்தியைச் செருகியிருந்தார்கள். மூன்றாம் நாள் அஞ்சலை பின்கூடத்துக் கட்டிலில் படுத்தபடியே, திறந்த கதவு வழியாக அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வழிபாடு முளைக்க எவ்வளவு நேரம் ஆகிறது பாருங்கள்.

அறிவுக்கொடி பூவை எடுத்தாள். "பொய் நாம சொல்லலியேம்மா" என்று பந்தே பின்னாலிருந்து சொன்னார். "சொல்லலதான் பந்தே. ஆனா பாத்துக்கினு சும்மா இருக்கவும் முடியல" என்றாள். ஒரு அட்டையை எடுத்து, தடித்த பேனாவால் எழுதி, சான்றிதழுக்கு நேர் கீழே ஒட்டினாள்.

'மேலே உள்ளது பிழை. இவர் கடவுள் அல்ல, எலக்ட்ரீஷியன். இந்தக் கூடத்துக்கு வயரிங் செய்தவர். கூப்பிட்டால் வரமாட்டார். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியது அறிவுக்கொடியை.'

அதற்குக் கீழே தன் கைப்பேசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, முதல் கட்டிலுக்கு ஊசி குத்தப் போனாள்.